முதல் மல்டிபிளேயர் கேம் செய்கிறீர்களா? கள்ளாட்டத்தைத் தடுக்கும் வழிகள்

ஆட்களை ஆட்களோடு மோதவிடும் ஆன்லைன் கேம் ஒன்றை வெளியிட்டு, அதில் ரேங்க் என்று ஒன்றையும் வைத்துவிட்டால், ஹேக் போடுகிறவர்கள் வந்தே தீருவார்கள். கேம் சின்னது, ஆடுவதே சில நூறு பேர்தான் என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது. சொல்லப்போனால் சின்ன கேமுக்குத்தான் ஆபத்து அதிகம். ஒரே ஒரு ஹேக்கர் ஒரு மாலைக்குள் எல்லா மேட்சிலும் புகுந்து, நம்பி வந்த கொஞ்சம் பேரையும் விரட்டிவிடலாம்.

முதன்முதலாகச் செய்கிறவர்கள் இந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். கேம் முடியட்டும், அப்புறம் ஏதாவது ஆன்டி-சீட் மென்பொருளைப் பொருத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். ஆடுகிறவரின் ஃபோனோ கம்ப்யூட்டரோ எதை முடிவு செய்யலாம், எதைத் தெரிந்துகொள்ளலாம்? இந்த இரண்டு கேள்விக்கும் முதல் வாரத்திலேயே பதில் எழுதிவிட்டால் பாதிக்கு மேற்பட்ட ஹேக்குகளுக்கு வழியே இருக்காது. ஆன்டி-சீட் அதற்குப் பிறகுதான்.

பேச வசதியாக ஒரு கேமை வைத்துக்கொள்வோம். 4 பேருக்கு எதிராக 4 பேர் ஆடும் ஷூட்டர். ஆண்ட்ராய்டிலும் பிசியிலும் ஓடும். சர்வர் வினாடிக்கு 30 முறை, அதாவது 30 டிக் வேகத்தில், கேமின் நிலையைக் கணக்கிடும்.

1. எப்படியெல்லாம் ஏமாற்றலாம் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நீங்களே ஹேக்கராக உட்கார்ந்து யோசியுங்கள். வருவதெல்லாம் பெரும்பாலும் நான்கு வகைக்குள் அடங்கும். நடக்க முடியாததை நடந்ததாகச் சொல்வது முதல் வகை: வேக ஹேக், சுவருக்குள் புகுந்து போவது, தீராத குண்டு. பார்க்கக் கூடாததைப் பார்ப்பது இரண்டாவது: சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் வால்ஹேக், மறைந்த வரைபடத்தைத் திறந்து காட்டும் மேப் ஹேக், எதிராளியின் சீட்டை எட்டிப்பார்ப்பது. மனிதன் செய்ய வேண்டியதை இயந்திரத்திடம் விடுவது மூன்றாவது: தானாகக் குறிவைக்கும் ஏம்பாட், தானாகச் சுடும் ட்ரிகர்பாட், செஸ்ஸில் எந்தக் காயை நகர்த்தலாம் என்று சொல்லும் நிரலின் உதவி. நான்காவது வகைக்கு மென்பொருளே வேண்டாம். தனித்தனியாக ஆட வேண்டியவர்கள் கூட்டுச் சேர்வது, ரேங்குக்காக மாற்றி மாற்றித் தோற்றுக்கொடுப்பது, வேறொருவரை வைத்துத் தன் ஐடியை ஏற்றிவிடச் சொல்வது.

முதல் இரண்டையும் நல்ல வடிவமைப்பாலேயே கிட்டத்தட்ட ஒழித்துவிடலாம். மூன்றாவதை ஒழிக்க முடியாது, கண்டுபிடிக்க மட்டுமே முடியும். நான்காவதை விதிகளாலும் பதிவுகளை அலசுவதாலும் கட்டுப்படுத்தலாம். எது எந்த வகை என்று தெரியாமல் வேலையைத் தொடங்கினால், வடிவமைப்பில் அடைக்க வேண்டிய ஓட்டையை ஏதோ ஒரு மென்பொருள் அடைத்துவிடும் என்று காத்திருப்பீர்கள்.

2. முடிவு சர்வர் கையில் இருக்கட்டும்

பிளிஸார்ட் நிறுவனத்தின் முதல் டயாப்லோ கேமில் பாத்திரத்தின் விவரம் எல்லாம் ஆடுகிறவரின் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கப்பட்டது. கோப்பைத் திருத்தத் தெரிந்தவர் நினைத்த ஆயுதத்தோடு வந்து நின்றார். ஆன்லைன் ஆட்டமே கலைந்துபோனது. 2000-இல் வந்த டயாப்லோ 2, பாத்திரங்களைத் தன் பேட்டில்.நெட் சர்வர்களில் வைத்துக்கொள்ளும் தனிப் பிரிவோடு வந்தது. அதிலும் பொருள்களை இரட்டிப்பாக்கும் பக்குகள், அதாவது நிரல் பிழைகள், முளைத்தன என்பது உண்மைதான். ஆனாலும் கோப்பைத் திருத்தி யார் வேண்டுமானாலும் ராஜாவாகும் நிலை அந்தப் பிரிவில் இல்லை.

கிளையன்ட், அதாவது ஆடுகிறவரின் கருவியில் ஓடும் கேம், சொல்வதை அப்படியே நம்புவது, மாணவரே தன் விடைத்தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டுக்கொள்வது மாதிரி. அதனால் கிளையன்ட் தன் விருப்பத்தை மட்டும் அனுப்பட்டும்: "இந்தத் திசையில் நகரப் பார்க்கிறேன்", "சுடும் பட்டனை அழுத்தினேன்", "ரீலோட் கேட்டேன்". இப்போது எங்கே நிற்கிறார், குண்டு பட்டதா, எதிராளிக்கு எத்தனை உயிர் மிச்சம் என்பதெல்லாம் சர்வர் கணக்கிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டியவை. "அவருக்கு 40 டேமேஜ் கொடுத்தேன்" என்ற செய்தி உங்கள் கேமில் கிளையன்ட்டிலிருந்து சர்வருக்கு எங்காவது போகிறதா? போனால் அதை இன்றே எடுத்துவிடுங்கள்.

பட்டனை அழுத்திவிட்டு சர்வர் பதிலுக்காகக் காத்திருந்தால் ஆட்டம் இழுவையாக இருக்குமே என்று தோன்றும். அதற்கு 1996-இலேயே குவேக்வேர்ல்டு என்ற ஷூட்டரில் அதன் நிரலாளர் ஜான் கார்மாக் வழி செய்துவிட்டார். கிளையன்ட் தன் நகர்வை உடனே திரையில் காட்டிவிடும், சர்வரின் கணக்கு வந்ததும் ஒப்பிட்டு, தவறாக இருந்தால் திருத்திக்கொள்ளும். இன்றைய ஷூட்டர்கள் பெரும்பாலும் இந்த யோசனையின் மேல்தான் நிற்கின்றன. கேம் செய்ய உதவும் எஞ்சின்களில் ஒன்றான அன்ரியலில், பாத்திரத்தை நகர்த்தும் கூறு இதைத் தானே செய்கிறது. யூனிட்டி எஞ்சினின் நெட்கோட் ஃபார் கேம் ஆப்ஜெக்ட்ஸில் நெட்வொர்க் வேரியபிளை (எல்லோருக்கும் பகிரப்படும் மதிப்பை) மாற்றும் உரிமை இயல்பாகவே சர்வரிடம்தான் இருக்கும். "எனக்கு வேலை செய்யவில்லை" என்று கிளையன்ட்டுக்கு அந்த உரிமையைத் திறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். கோடாட் எஞ்சினில், நெட்வொர்க் வழியாக அழைக்கப்படும் ஆர்பிசி செயல்பாட்டை யார் வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று குறித்துவிட்டால், அழைத்தது யார் என்று உள்ளே நீங்களே சரிபார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் பெயரில் இன்னொருவர் ஆணை அனுப்புவார்.

ரிலே சேவைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஃபோட்டான் பன் போன்றவற்றில் சர்வர் செய்திகளைக் கடத்தி மட்டும்தான் விடும். கேம் விதிகளைப் பார்த்துக்கொள்வது 'மாஸ்டர் கிளையன்ட்', அதாவது ஆடுகிறவர்களில் ஒருவரின் கருவி. நண்பர்கள் சேர்ந்து ஆடும் கேமுக்கு அது போதும், செலவும் குறைவு. ரேங்கும் பரிசும் இருந்தால் தனி சர்வருக்குச் செலவு செய்யத்தான் வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால், அது வரும்வரை ரேங்க் முறையை வைக்காமல் இருப்பதே ஆடுகிறவர்களுக்கு நீங்கள் செய்யும் நியாயம்.

3. நகர்வைச் சரிபாருங்கள்

கிளையன்ட் அனுப்பும் பட்டன் அழுத்தங்களை வைத்து சர்வரே நகர்வைக் கணக்கிட்டால் இடம் மாறிக் குதிப்பது நடக்காது. ஆனால் வேக ஹேக் அப்போதும் முயலும். அது கிளையன்ட்டின் கடிகாரத்தை வேகமாக ஓட்டும். வினாடிக்கு 30 உள்ளீடு வரவேண்டிய இடத்தில் 60 வரும். எல்லாவற்றையும் நீங்கள் கணக்கில் எடுத்தால் அவர் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவார்.

இதற்கு ஒரு வரவு கணக்கு வையுங்கள். ஒவ்வொருவருக்கும் சர்வரின் கடிகாரப்படி வினாடிக்கு 30 வரவு. செலவழியாதது சேரலாம், ஆனால் 10-க்கு மேல் சேராது. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒன்று கழியும், வரவு இல்லாதபோது வந்த உள்ளீட்டைக் கீழே போட்டுவிடுங்கள். அந்த 10 எதற்கு? மொபைல் நெட்வொர்க் ஒரு கணம் திணறிவிட்டு, பாக்கெட்டுகளை, அதாவது தேங்கிய செய்திகளை, மொத்தமாகக் கொட்டும். ரயிலில் போய்க்கொண்டே ஆடுகிற ஒருவருக்கு இது நிமிடத்துக்கு நிமிடம் நடக்கும். சேர்த்து வைத்த வரவு அவரைக் காப்பாற்றும், கடிகாரத்தை ஓட்டுகிறவருக்கோ ஒன்றும் கிடைக்காது.

ஏதோ காரணத்தால் கிளையன்ட்டே தன் இடத்தை அனுப்பும்படி ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால், கூட்டல் கழித்தலில் பிடிக்க வேண்டியதுதான். ஓட்ட வேகம் வினாடிக்கு 6 மீட்டர் என்றால் ஒரு டிக்குக்கு 0.2 மீட்டர். ஆனால் ஒவ்வொரு டிக்கையும் தனியாகச் சோதிக்காதீர்கள், நெட்வொர்க் வேகம் ஏறி இறங்குவதால் நல்லவர்களும் மாட்டுவார்கள். ஒரு வினாடியில் கடந்த மொத்தத் தூரத்தைப் பாருங்கள், 10 சதவீதம் சலுகை கொடுத்து 6.6 மீட்டரைத் தாண்டினால் பழைய இடத்துக்கே இழுத்துவிடுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தை மட்டும் பார்க்காமல், போன வழியில் சுவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எகிறிக் குதிக்கவைக்கும் பலகை, வண்டி, வெடியில் தூக்கி எறியப்படுவது, செத்துப் பிறப்பது ஆகியவற்றில் வரம்பு வேறு. இவற்றை மறந்துவிட்டு வரம்பு வைத்ததால் நேர்மையாக ஆடுகிறவர்கள் பின்னுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும் கேம்கள் உண்டு.

இந்தக் கட்டத்தில் யாரையும் பேன் (தடை) செய்ய வேண்டாம். திருத்துங்கள், பதிந்து வையுங்கள், அவ்வளவுதான். திருத்தியாயிற்று என்றால் அந்த ஹேக் பலிக்கவில்லை, அதுவே போதும்.

4. சுடுவதும் லேகும்

துப்பாக்கி நிமிடத்துக்கு 600 குண்டு சுடும் என்றால் வினாடிக்கு 10, 30 டிக்கில் 3 டிக்குக்கு ஒன்று. அதற்கு முன்னால் வரும் சுடும் ஆணையை சர்வர் புறக்கணிக்கட்டும். எத்தனை குண்டு மிச்சம், ரீலோட் முடிந்ததா என்பதும் சர்வரின் கணக்கு. குண்டு கொஞ்சம் சிதறிப் போக வேண்டும் என்றால் அந்தச் சிதறலுக்கான ரேண்டம் எண்ணை சர்வரே எடுக்கட்டும். கிளையன்ட்டும் அதே எண்ணை முன்கூட்டி அறிந்தால், சிதறலுக்கு எதிர்ப்பக்கம் குறியை நகர்த்தி எல்லாக் குண்டையும் ஒரே புள்ளியில் இறக்கும் ஹேக் எழுதிவிடுவார்கள்.

லேக்கை, அதாவது நெட்வொர்க் தாமதத்தை, ஈடுகட்டுவது இதைவிட நுணுக்கமானது. திரையில் நீங்கள் பார்க்கும் எதிராளி, சர்வரில் சற்று முன்பு இருந்த இடத்தில்தான் தெரிகிறார். அதனால் சுட்டவர் பார்த்த நேரத்துக்கு சர்வர் எல்லோரையும் பின்னால் நகர்த்தி, பட்டதா என்று பார்க்கும். வால்வ் நிறுவனத்தின் சோர்ஸ் எஞ்சினில் இப்படிப் பின்னோக்கிப் போகும் எல்லை இயல்பாக 1 வினாடி. புதிய போட்டி கேமுக்கு இது அதிகம். வேண்டுமென்றே தன் பாக்கெட்டுகளைத் தாமதப்படுத்தும் லேக் ஸ்விட்ச் ஆசாமி, நீங்கள் சுவருக்குப் பின்னால் போய் முக்கால் வினாடி ஆன பிறகும் உங்களைச் சுட்டுவிடுவார். 200 முதல் 250 மில்லி வினாடிக்குள் எல்லையை வையுங்கள். பிங்கை, அதாவது செய்தி போய்த் திரும்பும் நேரத்தை, சர்வர் தானே அளக்கட்டும், கிளையன்ட் சொல்லும் எண் வேண்டாம்.

இந்த எல்லையால் மோசமான நெட் உள்ள நேர்மையானவர்கள் பாதிக்கப்படுவார்கள். அதை மறைக்காமல், இத்தனை பிங்குக்கு மேல் குறியைக் கொஞ்சம் முன்னால் வைத்துச் சுட வேண்டியிருக்கும் என்று கேமுக்குள்ளேயே சொல்லிவிடுங்கள். ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் சர்வர் வைப்பதுதான் உண்மையான தீர்வு. தமிழ்நாட்டில் இருந்து ஆடுகிறவர்களை மும்பை சர்வருக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்புவதற்கும் ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம், எந்த நிரலாலும் ஈடுகட்ட முடியாதது.

5. தெரியக் கூடாததை அனுப்பவே அனுப்பாதீர்கள்

என் பார்வையில் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இது. புதியவர்கள் அதிகம் தவறவிடுவதும் இதைத்தான்.

1997-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்ற போர் கேமில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் முழு ஆட்டத்தையும் தானே ஓட்டியது. நெட்வொர்க்கில் போனது ஆணைகள் மட்டும். அன்றைய மோடம் வேகத்தில் அத்தனை படைவீரர்களைக் காட்ட அதுதான் வழி. பொய்யான ஆணை கொடுத்தால் மற்ற கம்ப்யூட்டர்களோடு கணக்கு ஒத்துவராமல் ஆட்டம் நின்றுவிடும் என்பதால் ஒரு வகையில் அது பாதுகாப்பாகவும் இருந்தது. ஆனால் எதிரியின் படை எங்கே இருக்கிறது என்பது உங்கள் கம்ப்யூட்டரின் நினைவகத்திலேயே இருக்கும். வரைபடத்தை மூடிய கறுப்புத் திரையை விலக்க ஒரு சின்ன ஹேக் போதும். பூட்டுப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் ஆளுடைய சொந்தக் கம்ப்யூட்டரில் போட்ட பூட்டை அவர் நிதானமாக உட்கார்ந்து திறப்பார்.

2020-இல் வெளியான வாலரன்ட் என்ற ஷூட்டர் வேறு வழியில் போனது. எதிராளி உங்கள் கண்ணில் படப்போகும் தறுவாய் வரை அவருடைய இடத்தை சர்வர் உங்களுக்கு அனுப்புவதே இல்லை. நினைவகத்தில் இல்லாததை எந்த வால்ஹேக்கும் காட்ட முடியாது.

நம்முடைய 4 எதிர் 4 கேமில் இதற்கு எவ்வளவு செலவாகும்? 8 பேரும் தலா 4 எதிராளிகளைப் பார்க்க முடிகிறதா என்று சோதித்தால் டிக்குக்கு 32 சோதனை, வினாடிக்கு 960. இன்றைய சர்வருக்கு இது பெரிய சுமை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் வரும். கண்ணில் பட்ட பிறகுதான் அனுப்பினால், செய்தி வந்துசேர்வதற்குள் எதிராளி திடீரென்று காற்றில் முளைத்த மாதிரி தெரிவார். ஆகவே கொஞ்சம் முன்கூட்டி அனுப்ப வேண்டும். 200 மில்லி வினாடித் தாமதத்தில், வினாடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவர் 1.2 மீட்டர் நகர்ந்திருப்பார். எனவே இருவரும் இப்போது நிற்கும் புள்ளியோடு, 1.2 மீட்டர் தூரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய சில புள்ளிகளையும் வைத்துச் சோதியுங்கள். சோதனைகள் சில மடங்கு கூடும், அது பரவாயில்லை. இதைக் கட்ட நேரம் இல்லையென்றால், மேப்பை அறைகளாகப் பிரித்து, எந்த அறையிலிருந்து எந்த அறை தெரியும் என்று ஒரு பட்டியல் தயாரித்து அதன்படி அனுப்புங்கள். அதுவே ஹேக்கரின் பார்வையை வெகுவாகக் குறைத்துவிடும்.

காலடிச் சத்தத்தையும் மறக்காதீர்கள். நகர்வை மறைத்துவிட்டு, மேப்பின் மறுமுனையில் நடப்பவரின் காலடிச் சத்தத்தைத் துல்லியமான இடத்தோடு எல்லோருக்கும் அனுப்பினால் மறைத்ததற்குப் பலன் இல்லை. கேட்கும் தூரத்தில் இருப்பவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

சீட்டாட்டம், போர்டு கேம் செய்கிறவர்களுக்கு ரேண்டம் எண்ணும் இதே கதைதான். 1999-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வுக் குழு, அப்போது புழக்கத்தில் இருந்த ஒரு ஆன்லைன் போக்கர் மென்பொருளின் சீட்டுக் கலைக்கும் முறையைப் பிரித்துப் பார்த்தது. 52 சீட்டுகளைக் கலைக்கும் வழிகளின் எண்ணிக்கை 68 இலக்கம் உள்ள எண். ஆனால் அந்த மென்பொருள் நள்ளிரவிலிருந்து ஓடிய மில்லி வினாடிகளை விதை எண்ணாக (கலைப்பைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணாக) எடுத்துக்கொண்டதால், ஒரு நாளில் 8.64 கோடிக் கலைப்புகளுக்கு மேல் வரவே முடியாது. சர்வரின் கடிகாரத்தோடு தங்கள் கடிகாரத்தை ஒத்துவைத்ததும் அது சுமார் 2 லட்சமாகச் சுருங்கியது. மேசையில் திறந்த சில சீட்டுகளைப் பார்த்து, மற்றவர்கள் கையில் உள்ளதை ஆட்டம் நடக்கும்போதே சொல்லிவிட்டார்கள். மொழியோடு வரும் சாதாரண ரேண்டம் செயல்பாட்டை விட்டுவிட்டு, குறியாக்கத் தரத்தில் உள்ளதை சர்வரில் பயன்படுத்துங்கள்.

6. கிளையன்ட்டைக் கடினமாக்குவது

இதில் நீண்ட நாள் செலவிட வேண்டாம். யூனிட்டியில் மோனோ முறையில் ஏபிகே (ஆண்ட்ராய்டு ஆப் கோப்பு) எடுத்தால் உங்கள் நிரல் கிட்டத்தட்ட எழுதியபடியே உள்ளே கிடக்கும், யாரும் பிரித்துப் படிக்கலாம். ஐஎல்2சிபிபி முறையில் எடுத்தால் படிப்பது கடினமாகும். முடியாமல் போகாது. ஆண்ட்ராய்டில் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி ஏபிஐ, ஓடுவது உங்கள் ஒரிஜினல் ஆப்தானா, யாரோ திருத்திய மாட் ஏபிகேயா என்று சொல்லும். அந்தப் பதிலை ஆப்புக்குள் சரிபார்க்காமல் சர்வரில் சரிபாருங்கள். ஃபோனை ரூட் செய்தவர்கள், அதாவது அதன் முழுக் கட்டுப்பாட்டையும் திறந்துகொண்டவர்கள், எல்லோரும் ஹேக்கர்கள் இல்லை, அதனால் அவர்களைச் சாதாரண மேட்சில் விட்டுவிட்டு ரேங்க் மேட்சுக்கு மட்டும் கட்டுப்பாடு வைக்கலாம். பிசிக்கு, ஈஸி ஆன்டி-சீட் 2021 முதல் எபிக் கேம்ஸ் நிறுவனத்தின் ஆன்லைன் சேவைகள் வழியாகக் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

விண்டோஸின் மையப் பகுதியான கெர்னல் வரை இறங்கிக் காவல் காக்கும் முறையைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாலரன்ட்டின் ஆன்டி-சீட்டான வேன்கார்டு, கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஓடத் தொடங்குகிறது. 2024-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கும் அது வந்தது. அதைப் பார்த்து நாமும் கெர்னலில் ஓடும் டிரைவர் ஒன்றை எழுதலாம் என்று இறங்காதீர்கள். கென்ஷின் இம்பாக்ட் கேமின் ஆன்டி-சீட் டிரைவரை, அந்த கேமே இல்லாத கம்ப்யூட்டரில் இறக்கி, வைரஸ் தடுப்பு மென்பொருளை முடக்க, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் ஆட்கள் பயன்படுத்தியது 2022-இல் வெளியே வந்தது. பெரிய நிறுவனத்தின் டிரைவருக்கே அந்தக் கதி. அதோடு, நினைவகத்தைத் தனி அட்டை வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் படிக்கும் டிஎம்ஏ ஹேக்குகள் கெர்னல் காவலையும் தாண்டப் பார்க்கின்றன. ஐந்தாவது படியைச் சரியாகச் செய்தவருக்கு இந்த ஓட்டத்தில் பாதி தேவைப்படாது.

7. பதிந்து வையுங்கள், பிறகு கண்டுபிடியுங்கள்

எல்லா மேட்சின் உள்ளீடுகளையும் சர்வரில் பதியுங்கள். இடம் பிடிக்குமே என்று பயப்பட வேண்டாம். ஒரு உள்ளீடு 16 பைட் என்றால், 8 பேர், 30 டிக், 10 நிமிட மேட்ச், மொத்தம் 2.3 எம்பி. சுருக்கினால் இன்னும் குறையும். ரீப்ளே இல்லாமல் ஒருவரைக் குற்றவாளி என்பது எப்படி நியாயமாகும்?

ஏம்பாட்டைப் பிடிக்க எண்களைப் பார்க்கலாம்: குறி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, எதிராளி தெரிந்து எத்தனை மில்லி வினாடியில் சுடுகிறார், சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் குறி பின்தொடர்கிறதா. இதில் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஒரு லட்சம் பேர் ஆடுகிறார்கள், அதில் 1,000 பேர் ஹேக்கர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கருவி 95 சதவீத ஹேக்கர்களைப் பிடிக்கும், நேர்மையானவர்களில் 2 சதவீதத்தை மட்டும் தவறாகச் சுட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பிடித்துக் கொடுப்பது 950 ஹேக்கர்களையும் 1,980 அப்பாவிகளையும். மூன்றில் இரண்டு பங்கு தப்பான ஆட்கள்! இந்தப் பட்டியலை அப்படியே பேன் செய்கிறவர் தன் கேமின் நல்ல ஆட்டக்காரர்களையே வெளியே தள்ளுகிறார். நன்றாக ஆடுகிறவர்தான் இயந்திரத்தின் கண்ணுக்கு ஹேக்கர் மாதிரி தெரிவார்.

அதனால் எண்கள் ஒரு மேட்சை மனிதர் பார்க்கும் வரிசைக்கு அனுப்பட்டும், தீர்ப்பு சொல்ல வேண்டாம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் வால்வ் செய்தது இதைத்தான்: 2013-இல் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே ரீப்ளே பார்த்துத் தீர்ப்பளிக்கும் ஓவர்வாட்ச் முறை வந்தது, பிறகு வந்த விஏசிநெட் என்ற கற்கும் இயந்திரமும் சந்தேகமான மேட்சுகளை அதே நடுவர்களிடம்தான் அனுப்பியது. ஆட்டக்காரர்கள் தரும் ரிப்போர்ட்டுகளையும் இதே மாதிரி நடத்துங்கள். தோற்ற கோபத்தில் நான்கு பேரும் ரிப்போர்ட் அடிப்பார்கள். ஒரே மேட்சில் ஒரே குழுவிடமிருந்து வரும் நான்கையும் ஒன்றாக எண்ணுங்கள்.

தவறே நேராத ஒரு கண்ணி உண்டு. 2023 பிப்ரவரியில் டோட்டா 2-இல் வால்வ் 40,000-க்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்தது. கேமின் நினைவகத்தில், சாதாரண ஆட்டத்தில் யாரும் படிக்காத ஒரு பகுதியை வைத்துவிட்டு, அதை யார் படிக்கிறார்கள் என்று கவனித்தது. ஹேக் மட்டும்தான் அதைப் படித்தது. சின்ன கேமிலும் இதைச் செய்யலாம்: திரையில் எங்குமே காட்டாத ஒரு போலி எதிராளியின் இடத்தை, சந்தேகப்பட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். அவருடைய குறி வெறும் சுவரில் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் விளக்கம் தேவையில்லை.

கூட்டுச் சேர்வதைப் பிடிக்க ஜோடிகளைப் பாருங்கள். எதிரெதிரே வந்த இரண்டு ஐடிகள் அருகருகே நின்றும் சுட்டுக்கொள்ளவில்லை, அதுவும் பல மேட்சுகளில் என்றால் அது தற்செயல் இல்லை.

8. பேன்

பறந்துகொண்டு எல்லோரையும் கொல்கிறவரை உடனே வெளியேற்றுங்கள், மற்ற ஏழு பேரின் நேரம் வீணாகிறது. ஒளிந்து ஹேக் போடுகிறவர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகத் தடை செய்யுங்கள். உடனுக்குடன் பேன் வந்தால், எந்த மாற்றத்தால் மாட்டினோம் என்று ஹேக் விற்கிறவருக்குத் தெரிந்துவிடும். வால்வின் ஆன்டி-சீட்டான விஏசி நெடுங்காலமாகத் தாமதமாகவே தடை விதிப்பது இதனால்தான்.

கேம் இலவசம் என்றால் பேன் ஆனவர் அடுத்த நிமிடம் புது ஐடியோடு வருவார். ரேங்குக்கு முன்னால் ஒரு வாசல் வையுங்கள்: ஃபோன் எண் சரிபார்ப்பு, சில சாதாரண மேட்சுகள் ஆடி முடித்திருப்பது. கருவியையே தடை செய்வதில் நிதானம் வேண்டும். நம் ஊரில் ஒரே ஃபோனை அண்ணனும் தம்பியும் ஆடுவார்கள், பழைய ஃபோனை வாங்கி ஆடுகிறவர்கள் நிறைய, பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் ஒரு நாளைக்குப் பத்துப் பேர் உட்காருவார்கள். ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் தண்டனை அனுபவிக்கக் கூடாது.

மேல்முறையீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும், அதைப் படிக்க ஒரு மனிதரும் கட்டாயம் இருக்க வேண்டும். தவறாகப் பேன் ஆனவருக்கு ஐடி மட்டுமல்ல, அதில் அவர் சேர்த்த உழைப்பும் நண்பர்களும் போகிறார்கள். ஹேக்கர் ஒருவர் இன்னும் இரண்டு மேட்ச் ஆடிவிட்டுப் போவதை நான் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க மாட்டேன். ஹேக்கரிடம் தோற்றவர்களின் ரேங்க் புள்ளிகளையும் திருப்பிக் கொடுங்கள்.

9. போட்டி நடத்தும்போது

பரிசு வைத்தால் நிலைமை வேறு. 2018-இல் ஷாங்காயில் நேரில் நடந்த ஒரு கவுன்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், இந்திய அணி ஒன்றின் ஆட்டக்காரர் மேடையிலேயே ஹேக்குடன் பிடிபட்டார். 'வேர்ட்' என்று பெயர் மாற்றி வைத்த கோப்பாக அது இருந்தது. அணியே வெளியேற்றப்பட்டது. 2020-இல் அதே கேமில், பார்வையாளர் கேமராவில் இருந்த ஒரு பக்கைப் பயன்படுத்தியதாக 37 பயிற்சியாளர்கள் மேல் இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. 2024 மார்ச்சில் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் வட அமெரிக்க இறுதியில், ஆடிக்கொண்டிருந்த இருவரின் திரையில் அவர்கள் கேட்காமலேயே ஹேக் முளைத்தது, போட்டியைத் தள்ளிவைத்தார்கள்.

ஆகவே: நேரில் நடத்தினால் கம்ப்யூட்டர் உங்களுடையதாக இருக்கட்டும், அதில் புதிதாக எதையும் இறக்கும் அனுமதி ஆட்டக்காரருக்கு வேண்டாம். பார்வையாளர், பயிற்சியாளர் கணக்குகளையும் ஆட்டக்காரரைப் போலவே ஐந்தாவது படியால் சோதியுங்கள். நேரலையை இரண்டு மூன்று நிமிடம் தாமதித்து விடுங்கள். திரையில் ஹேக் தெரிந்தவுடன் ஆளைக் குற்றம் சொல்லாதீர்கள், முதலில் மேட்சை நிறுத்துங்கள்.

10. வெளியிடும் முன் நீங்களே ஹேக் எழுதுங்கள்

கேம் எஞ்சின் எதுவும் இல்லாமல், சர்வரோடு நேரடியாகப் பேசும் ஒரு சின்ன நிரலை எழுதுங்கள். அதை வைத்து வினாடிக்கு 300 உள்ளீடு அனுப்புங்கள். குண்டு இல்லாதபோது சுடுங்கள். செத்த பிறகு நகருங்கள். இன்னொருவரின் எண்ணைப் போட்டு ஆணை கொடுங்கள். கடையில் மைனஸ் 5 பொருள் வாங்குங்கள், இந்தப் பழைய தந்திரம் இன்னும் பலிக்கிற கேம்கள் இருக்கின்றன. ஒரே பரிசைக் கேட்கும் செய்தியை ஒரே நேரத்தில் 50 முறை அனுப்புங்கள். மேட்ச் நடக்கும்போது சர்வர் உங்களுக்கு அனுப்புவதை எல்லாம் ஒரு கோப்பில் எழுதிவிட்டு, உங்கள் கண்ணுக்குத் தெரியாத எதிராளியின் இடம் அதில் எங்காவது வருகிறதா என்று தேடுங்கள்.

ஒவ்வொரு முறை சர்வர் நிரலை மாற்றும்போதும் இந்தச் சோதனைகள் தானாக ஓடும்படி செய்துவிடுங்கள். ஓட்டை கண்டுபிடித்த வெளியாள் ஒருவர் அதை உங்களிடம் சொல்ல விரும்பினால், எங்கே எழுத வேண்டும் என்பது கேமின் முதல் பக்கத்திலேயே தெரியட்டும். சொல்கிறவருக்கு இரண்டு நாளுக்குள் பதில் போடுங்கள், ஓட்டையை அடைத்த பிறகு, அவருக்குச் சம்மதம் என்றால், அவர் பெயரைப் போட்டு நன்றி சொல்லுங்கள்.